கிணற்றில் நான் போட்ட மருந்து

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த நாலாம் நாள் எங்கள் தெருவில் முதல் சாவு விழுந்தது. வாந்திபேதி. அந்த வாரத்துக்குள் இன்னும் இரண்டு. பெயரைச் சொல்லப் பயந்து ‘அந்தச் சீக்கு’ என்றார்கள். வாசல்தோறும் வேப்பிலை தொங்கியது. பகலிலும் கதவுகள் சாத்தியே கிடந்தன.

எனக்கு அப்போது பதினான்கு வயது. அப்பா சங்கரன்கோவில்காரர், ரங்கூன் மரக்கடையில் வேலை பார்த்தவர். அம்மா பர்மாக்காரி. போர் வந்தபோது என்னைத் தோளில் சுமந்து காடு மலையெல்லாம் நடந்தே வந்தார்கள். வழிநெடுகக் காலராவில் விழுந்தவர்களைப் பார்த்த அம்மா, அதன்பிறகு கொதிக்க வைக்காத தண்ணீரை எங்களைக் குடிக்க விட்டதில்லை.

வீட்டில் பர்மியம், தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்றும் எனக்குச் சரளம். ஆனால் நான் பெருமைப்பட்டது வேறொன்றுக்காக. எதையும் உற்றுப் பார்த்து நோட்டில் எழுதிவைப்பேன். கிருமிகளை ஆராயும் டாக்டர் ஆவேன் என்று வகுப்பில் சொல்லியும் இருந்தேன். சீக்கு வந்த வீடுகளைக் குறித்து வந்ததில் ஒன்று புரிந்தது: எல்லாரும் தெருக்கோடிக் கிணற்றில்தான் தண்ணீர் எடுத்தார்கள். நாங்களும் அங்கேதான் எடுத்தோம். எங்களுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

அது தெருவின் கண்ணிலும் பட்டிருந்தது.

“ஒங்க வீட்ல மட்டும் ஒருத்தருக்கும் வரலியேட்டி, எப்படி?” என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். கொதிக்க வைப்பதைச் சொன்னேன். அவள் நம்பாமல் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனாள்.

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். பள்ளி ஆய்வகத்திலிருந்து, கிருமியைக் கொல்லும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ஒரு பொட்டலம் எடுத்து வந்து, மறுநாள் விடியலில் கிணற்றில் கொட்டினேன். எவ்வளவு போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் ஊதா நிறமானது.

சற்று நேரத்தில் அலறல் கேட்டது. நாங்கள் வெளியே வருவதற்குள் வாசலில் கூட்டம்.

“பர்மாக்காரி வெசத்தக் கலந்துட்டா! தண்ணியப் பாருங்க வே!”

ஒருவர் கையில் அந்தத் தண்ணீர் நிறைந்த வாளி. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். “அண்ணாச்சி, அவ வீட்ட விட்டே வெளிய வரல.”

“நான்தான் போட்டேன். அது மருந்து” என்றேன். யாரும் நம்பவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பிப் பர்மியத்தில் கேட்டாள்: “விஷமில்லையே?”

“இல்லை.”

அம்மா வாளியில் கையை விட்டு ஒரு கை அள்ளிக் குடித்தாள். கூட்டம் அடங்கியது. எனக்குத்தான் அப்போது உறைத்தது. மருந்து அதிகமாக விழுந்திருக்கலாம். அல்லது போதாமல், கிருமி அப்படியே இருக்கலாம்.

இரண்டு நாள் நான் பள்ளிக்குப் போகவில்லை. அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போனாலே பின்னால் போனேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாம் நாள் வந்த சுகாதார ஆய்வாளர் அதே மருந்தை அளந்து கிணற்றில் போட்டார். கொஞ்சநாளில் சீக்கு அடங்கியது. யாரும் எங்களிடம் வந்து எதுவும் சொல்லவில்லை. அம்மா குடத்தோடு போனால் மற்றப் பெண்கள் விலகி நின்றார்கள். நாங்கள் தெரு மாறும்வரை அப்படித்தான்.

பின்னாளில் நான் கிருமியியல் படித்து ஆய்வகத்தில் சேர்ந்தேன். அம்மா போவோர் வருவோரிடமெல்லாம் அந்தக் கிணற்றுக் கதையைச் சொல்வாள், “விஷமில்லை என்று என் மகள் சொன்னாள், குடித்தேன்” என்று. அளவு தெரியாமல் போட்டேன் என்பதை அவளிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.