ஒன்பதாம் அத்தியாயத்தில் நான் எழுதாதது

"நல்லாக் கற்பனை பண்ணியிருக்கே" என்று சொல்ல வருகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்குக் கெட்ட கோபம் வரும். மூன்று வருடமாகக் கற்பனை பண்ணுவதைத்தான் வேலையாக வைத்திருந்தேன். எது கற்பனை, எது கண்ணெதிரே நடந்தது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். இது நடந்தது. நடுராத்திரியில் கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஜன்னலில் வெயில் இருக்கும்போதே நடந்தது.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது என் பிழைப்பு. மீதி நேரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிப்பதற்காக ஒரு பேய் நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். செத்துப்போன பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, தான் படித்த பள்ளிக்கூடத்தின் மாடிப்படியிலேயே நிற்கிறாள். அவள் ஒரே ஒரு பையன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள். அதுதான் கதை.

ஞாயிறுதோறும் நாங்கள் நான்கு பேர் கூடி, எழுதியதைப் பகிர்ந்துகொள்வோம். காதல் கதை எழுதும் நர்ஸ் அக்கா, பார்சல் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே துப்பறியும் கதை எழுதும் பார்சல் அண்ணன், நான், அப்புறம் எங்கள் தலைவர். அவர் ஒருவர்தான் புத்தகம் போட்டவர். அடுத்தவர் எழுதியதை வெட்டித் தள்ளுவதில் அவருக்கு அப்படி ஓர் ஆனந்தம். அவர் இல்லாதபோது கத்தரிக்கோல் என்போம். மூன்றாவது மாடியில் நாங்கள் கூடும் அறையும் அவருடையதுதான்.

கத்தரிக்கோல் ஒரு சட்டம் வைத்திருந்தார். எழுதியவர் தன் அத்தியாயத்தைத் தானே வாசிக்கக் கூடாது. வேறொருவர் வாசிப்பார். எல்லோரும் கருத்துச் சொல்லி முடிக்கும் வரைக்கும் எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. "புத்தகம் கடைக்குப் போனா நீ கூடவே போய் விளக்கம் சொல்லுவியா?" என்று கேட்பார்.

முந்தின வாரம் என் நாவலைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு எப்படிச் செத்தான்னு சொல்லாமலே இழுக்கிறே. மாடியிலேர்ந்து அவளா குதிச்சான்னு வை. படிக்கிற பிள்ளைங்க அழணும்."

"அவ குதிக்கிற ரகம் இல்ல சார்."

"அப்ப என் பதிப்பாளர்கிட்ட நான் எதைக் கொண்டுபோய்க் குடுக்கிறது?"

அங்கேதான் என் குடுமி அவர் கையில் இருந்தது. அவர் கொடுத்தால் நாவல் வெளிவரும். இல்லையென்றால் என் மூன்று வருடமும் பரணுக்குப் போகும். ஒரு வாரம் வயிறெரிந்தேன். ஆனால் மாற்றவில்லை. வீம்புக்கென்றே ஒன்பதாம் அத்தியாயத்தை எழுதினேன். பையன் கேட்கிறான், "நீ எப்படிச் செத்தே?" அவள் பதில் சொல்லாமல் நிற்கிறாள். அத்தியாயம் முடிந்துவிடுகிறது.

அந்த ஞாயிறு ஆளுக்கொரு பிரதி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே சத்தம் கேட்டது.

டொக்... டொக்... டொக்...

"மேல யாரு சார்?"

"புறா."

நானும் புறா பார்த்திருக்கிறேன். எந்தப் புறாவும் கதவைத் தட்டாது. மொட்டை மாடிக் கதவில் துருப்பிடித்த பூட்டு தொங்குவதையும் படியேறும்போது பார்த்திருந்தேன். பார்சல் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். கத்தரிக்கோல் பார்க்கவில்லை. "ஆரம்பிங்க, ஆரம்பிங்க" என்று அவசரப்படுத்தினார்.

நர்ஸ் அக்காதான் வாசித்தார். அவருக்கு எப்போதும் தொண்டை கட்டிய மாதிரி ஒரு குரல். இரண்டு பக்கம் போயிருக்கும். குரலில் இருந்த அந்தக் கரகரப்பு போய்விட்டது. வெந்நீர் குடித்துவிட்டு வந்திருக்கிறார் போல என்று நினைத்தேன்.

பிறகுதான் மேஜையைப் பார்த்தேன்.

அக்காவின் கண்ணாடி அங்கே மடக்கி வைத்தபடி கிடந்தது. அதற்கு லென்ஸ் போட்டவளே நான்தான். அது இல்லாமல் மாத்திரை அட்டையில் இருக்கும் பெயரைக்கூட அக்காவால் படிக்க முடியாது. ஆனால் என் ஜெராக்ஸின் பொடி எழுத்தைத் தங்குதடையில்லாமல் படித்துக்கொண்டிருந்தார்.

பையனின் கேள்வி வந்தது.

"நீ எப்படிச் செத்தே?"

அதோடு அத்தியாயம் முடிய வேண்டும். அக்கா ஒரு தாளைத் திருப்பினார். திருப்புவதற்கு அங்கே தாள் இல்லை. அதுதான் கடைசிப் பக்கம்.

"நான் குதிக்கல."

என் கையில் இருந்த பென்சில் கீழே விழுந்தது.

"லேட்டா வந்தேன்னு மாடியில நிக்கவெச்சுக் கதவைப் பூட்டினாரு. வகுப்பு முடிஞ்சுது. எல்லாரும் போயிட்டாங்க. மழை வந்துச்சு... இருட்டிடுச்சு... குழாயைப் பிடிச்சு இறங்கப் பார்த்தேன்."

"அப்படிப் போடு. இப்பதான் கதை சூடு பிடிக்குது" என்றார் பார்சல் அண்ணன். கையில் பிரதியை வைத்துக்கொண்டே, அதைப் பார்க்காமலே சொன்னார்.

எனக்கு என்ன கேடு என்று கேளுங்கள். 'இது நான் எழுதினது இல்லை' என்று கத்தியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எழுதியவள் பேசக் கூடாதே. பழக்கிய நாய் மாதிரி வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

கத்தரிக்கோலுக்கு முகம் முழுக்க வேர்த்திருந்தது.

"இந்த இடத்தை எடுத்துடு. நம்புற மாதிரி இல்ல. அவளாதான் குதிச்சா."

அக்கா மெல்ல நிமிர்ந்தார். தாள் மடியிலிருந்து நழுவியது. அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"நீங்க பார்த்தீங்களா சார்?"



"நான்... நான் வீட்டுக்குப் போயிட்டேன்" என்றார் கத்தரிக்கோல்.

நாவலைப் பற்றிய பேச்சு இல்லை அது. அவருக்கும் அது தெரியும்.

"சாவி?"

அவர் மேலே பார்த்தார்.

டொக்...

மேலே இல்லை. இப்போது எங்கள் அறைக் கதவில்.

டொக்... டொக்...

அவர் துள்ளி எழுந்தார். நாற்காலி சாய்ந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"யாருகிட்டடி போய் விசாரிச்சே?"

'டி' போட்டுப் பேசினார். எனக்குப் பயம் போய்விட்டது, ஆத்திரம்தான் மிச்சம்.

"நான் எழுதவே இல்ல சார். உங்க கையில இருக்கிற பிரதியைப் பாருங்க."

பார்த்தார். பார்சல் அண்ணனும் பார்த்தார். கேள்வியோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

அக்கா இருமினார். பழைய கரகரப்பான இருமல். மேஜையைத் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஏன் எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறீங்க? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே?"

கதவைத் திறந்தோம். வெளியே யாரும் இல்லை. கத்தரிக்கோல் எங்களைத் தள்ளிக்கொண்டு படியில் இறங்கி ஓடினார். அதற்குப் பிறகு அங்கே கூட்டம் நடக்கவில்லை. நான் அவரை மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்தேன் என்று பதிப்பாளரிடம் சொல்லியிருக்கிறார். நானே நேராகப் பதிப்பாளருக்கு அனுப்பிய நாவலும் திரும்பி வந்தது. இதையும் அவர் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். படிக்கட்டும்.

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடைக்காரரைக் கேட்டேன். முதலில் மழுப்பினார். அப்புறம் சொன்னார்.

"அவர் முன்னாடி அந்த ரூம்லயே டுடோரியல் நடத்தினாரும்மா. ஒரு பொண்ணு மொட்டை மாடியிலேர்ந்து பின்பக்கச் சந்துல விழுந்துடுச்சு. மறுநாள் காலையில நான்தான் முதல்ல பார்த்தேன். பரீட்சை பயத்துல குதிச்சிட்டான்னு சார் சொன்னாரு. போலீசும் அப்படியே எழுதி மூடிட்டாங்க."

பதினைந்து வயதுப் பிள்ளை. ராத்திரி முழுக்க மழையில் கிடந்திருக்கிறாள். அந்த ஆள் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, 'குதிச்சான்னு வை, பிள்ளைங்க அழணும்' என்று எனக்குக் கதை சொல்லிக் கொடுத்திருக்கிறார். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

அந்தப் பெண்ணின் அம்மா இரண்டு தெரு தள்ளி இருந்தார். போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தவரிடம், கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பூட்டிய கதவு, மழை, குழாய். அழுவார், இல்லை என்னைத் திட்டி அனுப்புவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் அவளே சொன்னாளா? வாயைத் திறந்து?"

"ஆமாம்மா."

"என் பொண்ணுக்குப் பொறந்ததிலேர்ந்தே பேச்சு வராதும்மா. காது நல்லாக் கேக்கும். பேச்சுதான் வராது. அதனாலதான் அன்னைக்கு மேலேர்ந்து யாரையும் கூப்பிட முடியல."

அந்த அம்மா மடித்த துணியைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ குரல் எப்படிம்மா இருந்துச்சு?"