வெள்ளிக்கிழமை அணைத்த மெயின் சுவிட்ச்

உங்கள் கம்ப்யூட்டருக்கு பேக்கப் இருக்கிறதா? 'ஓ... இருக்கே!' என்பீர்கள். போன சனிக்கிழமை வரை என் பள்ளித் தோழி ரோஸியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரோஸிக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. பத்து வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, டிசைன் பிரிவுக்கு வந்தவள். இரண்டு மாதமாக ஒரு லேடீஸ் ஷூவுக்கு பேட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தாள். தனியாகச் செய்யும் முதல் டிசைன். திங்கட்கிழமை வெளிநாட்டு பையர் வந்து பார்க்கப் போகிறார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவளோடு பிரியாணி சாப்பிடலாம் என்று போனேன். போனால் — பேயறைந்த மாதிரி நிற்கிறாள். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் ஹார்ட் டிஸ்க் போய்விட்டதாம்.

"பேக்கப் இருக்கில்ல? அப்புறம் இன்னாடி?" என்றேன்.

"பேக்கப் எடுக்கிற டிஸ்க் ரொம்பிப் போச்சுன்னு பழைய பேக்கப்பெல்லாம் நான்தான்டி அழிச்சேன்..." அழுதுவிடுவாள் போலிருந்தது.

பேக்கப்பை செட் பண்ணிக் கொடுத்த இன்ஜினியர் இம்ரான், வேலூரிலிருந்து ஓடி வந்தார். புது ஹார்ட் டிஸ்க்கை மாட்ட ஆரம்பித்தார். என் வாய் சும்மா இருக்குமா? பேக்கப் என்றால் என்னதான் நடக்கிறது என்று கேட்டேன். பாவம், பொறுமையாகச் சொன்னார்.

முதலில் எல்லாவற்றையும் முழுசாகக் காப்பி எடுப்பார்கள். அது ஃபுல் பேக்கப். அதன்பிறகு இரண்டு வழி. 'இன்க்ரிமென்டல்' என்றால், கடைசியாக எடுத்த பேக்கப்புக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுக்கும். சின்னதாக இருக்கும். ஆனால், திரும்பக் கொண்டுவர முதல் நாளிலிருந்து ஒவ்வொன்றும் வரிசையாக வேண்டும். நடுவில் ஒன்று இல்லையா? அதற்குமேல் நகராது.

'டிஃபரன்ஷியல்' வேறு ரகம். ஃபுல் எடுத்த நாளிலிருந்து மாறிய அத்தனையையும் தினமும் மறுபடி எடுக்கும். நாளுக்கு நாள் பருக்கும். ஆனால், ஃபுல்லும் கடைசியாக எடுத்ததும் இருந்தால் போதும்.

அட, இது எங்கள் வீட்டுச் சண்டை! என் கணவர் நேற்று நடந்ததோடு நிறுத்திக்கொள்வார். நான் ஒவ்வொரு தடவையும் கல்யாண மண்டபத்திலிருந்து ஆரம்பிப்பேன்.

"இங்க எது போட்டிருக்கீங்க பாய்?" என்றாள் ரோஸி.

"டிஃபரன்ஷியல்தான் மேடம். தினமும் சாயங்காலம் எடுக்கும். வாராவாரம் வெள்ளிக்கிழமை புது ஃபுல் எடுத்துட்டா மறுபடி சின்னதாயிடும். ஆனா இது இன்னா, சைஸ் இவ்ளோ ஜாஸ்தியா இருக்கு?"

பேக்கப் எடுத்த தேதிகளின் பட்டியலைப் பார்த்தால், ஒரே ஒரு ஃபுல்தான் பதிவாகியிருந்தது. ஐந்து மாதத்துக்கு முன் அவர் கையால் எடுத்தது. அதன்பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூட எடுக்கவில்லை!

ஆம்பூரில் பல கம்பெனிகளைப் போல இங்கும் வெள்ளிக்கிழமைதான் வார லீவு. யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று ஃபுல் பேக்கப்புக்கு இம்ரான் அந்த நாளை வைத்தார். யாரும் இல்லையே என்று வாட்ச்மேன் துரை அண்ணன் அதே நாளில் மெயின் சுவிட்சை அணைத்தார்.

"ஆளே இல்லாத ரூமுக்கு இன்னாத்துக்கும்மா கரண்ட்டு?" என்றார் அவர். நியாயம்தானே?

இம்ரான் ரோஸி பக்கம் திரும்பினார். "அந்த முதல் ஃபைல நீங்க அழிக்கலியே மேடம்?"

"இல்ல பாய், அத மட்டும் தொடாதீங்கன்னு சொன்னீங்களே. அதுவும் வியாழக்கிழமை எடுத்ததும் இருக்கு. நடுவுல இருந்ததுதான்..."

"நடுவுல இருந்தது வேணவே வேணாம் மேடம்!"

பிரியாணி ஆறிப்போனது. யாருக்கு ஞாபகம்? ஒரு மணி நேரம் கழித்து, அந்த ஷூ திரையில் வந்தது. கடைசியாகப் போட்ட தையல் கோடு வரை அப்படியே! ரோஸி என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும்தான்.

"அஞ்சு மாசமா 'இருக்கு, இருக்கு'ன்னேனே... ஒரு நாளாவது தொறந்து பாத்தேனாடி?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் பேக்கப்பைத் திறந்தேன்.

பாஸ்வேர்டு கேட்கிறது...