கேட்டு ஜாகாவும் குறுக்கெழுத்தும்

பிள்ளைகளே, வெள்ளைக்காரன் ஆண்ட அவசரகாலத்தில் எங்கள் மெர்லிமாவ் ரப்பர் தோட்டத்து முள்வேலிக் கேட்டில் தொப்பை பெருத்த ஜாகா ஒருவர் காவல் இருந்தார். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகாமல் எங்களைச் சோதிப்பதுதான் அவர் வேலை. அவரோ தினமும் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டுத்தான் நாட்டைக் காப்பாற்றினார்.

ஒரு காலை, பால்மரம் வெட்டப் புறப்பட்ட என் அக்கா, பிள்ளைத்தாய்ச்சி, பசி தாங்காதென்று வாளிக்குள் சோற்றை ஒளித்திருந்தாள். பிடிபட்டால் சிறைதான். கேட்டை நெருங்கியதும் கருவாட்டு வாசனை காட்டிக்கொடுத்தது.

"வாளியில என்னம்மா?"

"ஒன்னுமில்லண்ணே."

அவர் பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்தினார். "ஒரு கட்டம் மாட்டிக்கிச்சு. யோசிக்க விடாம நிக்காத, போ லா!"

அக்காவோடு போன நான் அவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. அப்படி என்னதான் யோசித்தாரோ, அந்த மகா மேதை!