உச்சிக்கொடையில் கிளாரினெட்

எங்கள் அண்ணாவி சொந்தமாகப் பாட்டுக் கட்டி வில்லுப்பாட்டு நடத்துகிறவர். நான் அவருக்குக் குடம் அடிப்பவன். மூன்றாம் வகுப்புக்கு மேல் வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. பானையோடு ஒத்துப்போனது; எத்தனை அடித்தாலும் எதிர்க்கேள்வி கேட்காது.

பாளையங்கோட்டைக் கல்யாண ஊர்வலம் ஒன்றில், கிளாரினெட் ஊதிய பேண்டுக்காரர் ஒருவர் மெட்டை விட்டு விலகித் தன் போக்கில் எங்கெங்கோ அலைந்துவிட்டுச் சரியாக வந்து சேர்ந்துகொண்டார். அதைக் கேட்டதிலிருந்து அண்ணாவிக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கிளாரினெட்காரரை எங்கள் கூட்டத்தில் சேர்த்தபிறகுதான் சாப்பிட்டார். அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர்.

"ஓய், மாடன் கோயில்ல ஊதுனா பாதிரியார் உம்ம காதைத் திருகிர மாட்டாரா?" என்றேன்.

"என் காத நான் பாத்துக்கிடுதேன். நீரு பானைய ஒழுங்கா அடியும் வே."

சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு மாடன் கோயிலில் கொடைவிழா. உச்சிப்பொழுதில் வரத்துப் பாட்டுப் பாடும்போது சாமியாடிமேல் மாடன் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கொடையே வீண். பழி வில்லுக்காரன் தலையில். பிறகு அந்த வட்டாரத்தில் ஒரு கோயிலும் அவனைக் கூப்பிடாது.

அந்தப் பாட்டைத்தான் அண்ணாவி மாற்றியிருந்தார். ஒரு அடி பாடுவார். கிளாரினெட் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். என் குடமும் பின்னாலேயே ஓடியது. கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. சாமியாடி மட்டும் கச்சையும் சலங்கையுமாகக் கல்போல நின்றார். குலவையிட வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஊர்ப் பெரியவர் எழுந்து வந்தார். பின்னால் நாலு பேர், கையில் கம்பு.

"அண்ணாவி, சாமிய வரவழைக்கீரா, வெரட்டுதீரா?"

"இந்தா வந்துருவாரு அண்ணாச்சி."

"வரலன்னா வில்ல இங்கனயே போட்டுட்டுப் போவும்."

நான் சாமியாடியிடம், "வழி தெரியலயா அண்ணாச்சி?" என்று கிசுகிசுத்தேன்.

"சாமி வாசல் வரைக்கும் வந்து திரும்பிருது லே. கால் வைக்க எடமில்ல," என்றார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணாவி, சாமிக்குக் கால் வைக்க எடமில்லயாம். பழசயே பாடிருவோம்," என்று கெஞ்சினேன்.

"மாட்டேன். நீ மட்டும் பழைய அடிய அடி, சாமி அதுல கால் வைக்கட்டும். கிளாரினெட்டு போற எடத்துக்குப் போவட்டும்."

அடித்தேன். கிளாரினெட் மேலே ஏறி எங்கோ திரிந்தது. நான் அதைத் திரும்பியே பார்க்கவில்லை. அண்ணாவி வீசுகோலை ஓங்கி வீச, வில்லின் மணியெல்லாம் குலுங்கின. சாமியாடியின் ஒரு கால் சலங்கை நடுங்கியது. பிறகு துள்ளினார் பாருங்கள், பந்தல்கால் ஆடியது. குலவை காதைப் பிளந்தது.

ஆடிக்கொண்டே நேராகக் கிளாரினெட்காரரிடம் வந்து திருநீற்றை நீட்டினார். அவர் திருநீற்றைப் பார்த்தார், கம்புகளைப் பார்த்தார், குழலை இறக்கிவிட்டு நெற்றியைக் காட்டினார்.

வழக்கப்படி பெரியவர் கைகட்டிக் கேட்டார்: "சாமி, கொடையில கொறை எதுவும் உண்டா?"

"உண்டு!"

அண்ணாவியின் கை வில்லைப் பிடித்துக்கொண்டது. கம்புக்காரர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள்.

"நான் ஆடிக்கிட்டிருக்கேன். இவன் எதுக்குலே ஊதுறத நிறுத்துனான்?"

பெரியவர் கிளாரினெட்காரர் பக்கம் திரும்பி, "ஊதும் வே, ஊதும்!" என்று பதறினார். அவர் அவசரமாகக் குழலை வாயில் வைத்தார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது.