மாமாவின் கழுத்தும் அப்பாவின் காதும்

நாலு மாதம் முன்பு எனக்கு ஒரு சளிக்காய்ச்சல் வந்து போயிற்று. போனது சும்மா போகவில்லை. மூன்று வாரம் கழித்துக் கழுத்தின் முன்பக்கம் வீங்கி, எச்சில் விழுங்கினால் காதுவரை வலித்தது. காப்பி டம்ளர் கையில் நிற்காமல் ஆடியது. காய்ச்சலின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த தைராய்டு அழற்சி என்றார் டாக்டர். முதலில் படபடப்பு, பிறகு அசதி, பிறகு தானே சரியாகிவிடுமாம். நான் இப்போது அசதியில் இருக்கிறேன். இவ்வளவு எழுதுவதற்குள் இரண்டு முறை தூங்கிவிட்டேன். படிப்பவர்களுக்கும் அந்த உரிமை உண்டு.

விழித்தபோதெல்லாம் மாமா, அம்மாவின் அண்ணன், நினைவில் வந்து உட்கார்ந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அப்பா தூத்துக்குடியில் சங்கு குளித்துக்கொண்டிருந்தார். அவர் முங்கினால் கயிற்றின் மேல்முனை மாமா கையில். முங்குகிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் கரையின் வழக்கம். தங்கச்சி தாலியறுக்க அண்ணன் விடமாட்டான் அல்லவா?

ஒரு வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே பரிசு சளிக்காய்ச்சல். மாமாவுக்கும் கொடுத்தேன். எனக்கு நாலு நாளில் போய்விட்டது. அவருக்குக் காய்ச்சல் விட்ட பிறகு கழுத்து வீங்கியது. பொன்னுக்குவீங்கி என்று முடிவுகட்டி, அம்மா தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டாள். வீக்கம் தாடைக்குக் கீழே, தொண்டையில் இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

“மாமா, மீசை வச்ச கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீரு” என்றேன்.

“சிரிக்காதல மருமவனே. விழுங்குனா காதுக்குள்ள ஆணி அடிக்கி.”

சங்கிலிக்கு வீக்கம் மசியவில்லை. மாமா மெலிந்தார், வியர்த்தார், கைகள் நடுங்கின. கள் குடிக்கிறார் என்று கரையில் பேச்சு. எனக்கு அது போதாதா? ஒருநாள் தோணிகளுக்கு நடுவில் ஒரு கயிற்றுத் துண்டைப் பிடித்து, கைகால் உதற, “மச்சான், மேல வாரீரா, அங்கனயே கெடக்கீரா?” என்று நடித்துக் காட்டினேன். கரையே சிரித்தது. தோணி முதலாளியான சம்மாட்டி மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார்.

“பய சொல்லுதது சரிதான். நாளையிலிருந்து கயித்துக்கு வேற ஆளப் போடு” என்றார் அப்பாவிடம். மாமா தன் கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டார்.

அப்பா அதைப் பார்த்தார். பிறகு வலது காதைப் பொத்திக்கொண்டார்.

“காது குத்துது சம்மாட்டி. இனி கொஞ்ச நாளைக்கு முங்க முடியாது.”

காது கெட்டவன் முங்க முடியாது, அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். இரவு வந்ததும் சாய்ந்துவிடுவார். மாமாவுக்குப் படபடப்பு அடங்கித் தூக்கம் பிடித்தது. பங்குனி வெயிலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு குளிருகிறது என்றார். வீடே களைத்துக் கிடந்தது. சுறுசுறுப்பாக இருந்தது நான் ஒருவன்தான். தினமும் காலையில் பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெயை அப்பாவின் காதில் ஊற்றினேன். அப்பா மறுக்காமல் தலையைச் சாய்த்துக் கொடுப்பார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

வைகாசியில் ஒருநாள் மாமா போர்வையை உதறி எழுந்து, கஞ்சிக் கும்பாவைத் தளும்பத் தளும்ப எடுத்துக் குடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. முற்றத்தின் மறுகோடியில், எண்ணெய் வழியும் காதை எங்கள் பக்கம் காட்டியபடி அப்பா உட்கார்ந்திருந்தார்.

“மாமா, கை ஆடலயே!” என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

அப்பா சட்டென்று திரும்பினார். எழுந்து வந்து மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தார். “வாரும் மச்சான்” என்றார். இருவரும் கடற்கரைக்கு நடந்தார்கள்.

நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு தெருத்தெருவாக ஓடினேன், அப்பாவின் காதை நான்தான் குணமாக்கினேன் என்று சொல்லிக்கொண்டு.