எலி கடித்த ஒயர்

பாதரசம் வைத்த பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் அது. வெள்ளகோவிலில் ஒரு சித்திரை மாதத்துப் பகலில், அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தொண்ணூத்தொம்பது புள்ளி நாலுங்க" என்றார். நமக்கெல்லாம் அது காய்ச்சல் கணக்கிலேயே வராது. அக்காவின் கணவருக்கு அப்படி இல்லை. தறிக்குடோன் கூரையில் ஷீட் மாற்ற ஏறி விழுந்ததில் அவருக்குக் கழுத்தில் அடி. அதற்குக் கீழே எதுவும் அசையாது, உணர்ச்சியும் கிடையாது. பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு: வேர்க்கவும் வேர்க்காது. வேர்வை இல்லாத உடம்பு வெயில் நாளில் சூடேறிக்கொண்டே போகும், தானாக இறங்காது. அந்த வீட்டில் ஏசி சொகுசுக்குப் போட்டது அல்ல.

சொந்தம் எதுவும் இல்லை, வீட்டு அம்மாவை அக்கா என்றும் அவரை அண்ணன் என்றும்தான் கூப்பிடுவேன். அப்போது நான் கோயமுத்தூரில் ஓர் ஏசி டீலரிடம் மெக்கானிக். இரண்டு வருடம் முன்னால் அந்த வீட்டுக்கு ஏசி மாட்டியவனும் நானே. மொட்டை மாடியில் பெரிய வெளி யூனிட் ஒன்று, கீழே ஐந்து அறைகளில் ஐந்து உள் யூனிட்டுகள். இவை எல்லாம் தங்களுக்குள் பேசிக்கொள்ள மெல்லிய ஒயர் ஒன்று, மாடியிலிருந்து இறங்கி முதலில் அண்ணன் அறைக்கு வந்து, பிறகு அறை அறையாகப் போகும். அந்த ஒயரில் பேச்சு அறுந்தால் ஐந்தும் நின்றுவிடும். அண்ணன் அறைக்கு மட்டும் தனியாக ஓர் ஏசி போட்டிருக்கலாமே என்று இன்றைக்கு யாரும் கேட்கலாம். அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

"ஏனுங்க தம்பி, அஞ்சு ரூம்லயும் ஏசி நின்னுபோச்சுங்க. ஏதோ நம்பர் விட்டு விட்டு எரியுதுங்க" என்று அக்கா காலையிலேயே போன் செய்திருந்தார். பைக்கை விரட்டிக்கொண்டு போனேன். பதினொரு மணிக்கு ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தேன். ஐந்திலும் ஒரே எழுத்து, ஒரே எண். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் பேசிக்கொள்ளவில்லை என்பது அதற்கு அர்த்தம். காரணம் சர்க்யூட் போர்டாக இருக்கலாம், கரண்டாக இருக்கலாம், ஒயராகவும் இருக்கலாம். புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க வரிசை போட்டிருப்பார்கள். எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. பார்த்த நிமிடமே எனக்கு இடம் தெரிந்துவிட்டது.

மாட்டிய அன்று அந்த ஒயர் இரண்டு முழம் பத்தவில்லை. நடுவில் ஒட்டுப் போடக் கூடாது, ஒரே நீளமாகத்தான் இழுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். புது ஒயர் கோயமுத்தூரில் இருந்தது. ஃபால்ஸ் சீலிங் ஆட்கள் கடைசிப் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆச்சுங்களா, ஆச்சுங்களா" என்று என் உயிரை வாங்கினார்கள். ஒரு துண்டு ஒயரை எடுத்து முறுக்கி, டேப் சுற்றி, உள்ளே தள்ளிவிட்டு இறங்கிவிட்டேன். அண்ணன் அறையின் சீலிங்குக்கு மேலே அந்த முறுக்கு இரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தது. வேறெங்கும் கோளாறு இருக்க வாய்ப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தும் நான் மாடிக்குப் போனேன், அக்கா காயப்போட்டிருந்த கொப்பரையைத் தாண்டி. வெளி யூனிட்டின் மூடியைக் கழற்றி, திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கினேன். மெயினை அணைத்துப் போட்டேன். எட்டு நிமிடம் ஓடியது. கீழே அக்கா, "வந்துருச்சுங்க!" என்று குரல் கொடுத்தார். ஒன்பதாவது நிமிடம் மறுபடி அதே எண். திரும்ப அணைத்துப் போட்டேன். சீலிங்கைப் பிரித்தால் டேப் சுற்றிய என் லட்சணம் எல்லார் கண்ணிலும் படும். அது முதலாளிக்குப் போகும், வேலை போகும். இதைவிடக் கேவலமான காரணமும் ஒன்று இருந்தது. அந்த வீட்டில் என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தார்கள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். என் பயம் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு நூறு புள்ளி எட்டு. ஃபேன் வெந்த காற்றைச் சுழற்றியது. அக்கா ஈரத்துண்டுகளைப் பிழிந்து போட்டு எடுத்துக்கொண்டே இருந்தார். துண்டு கொஞ்ச நேரத்தில் வெதுவெதுப்பாகிவிடும். கூல்டிரிங்ஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து கக்கத்திலும் கழுத்திலும் வைத்தார். அண்ணனுக்கு முகம் மட்டும் செக்கச்செவேல் என்றிருந்தது. "தம்பிக்குத் தண்ணி குடுத்தியா அம்மணி? வெயில்ல நிக்கறாரு" என்று அக்காவிடம் கேட்டார். பன்னிரண்டரைக்கு அக்கா, "ஆம்புலன்ஸக் கூப்புட்டறலாமுங்களா?" என்று கேட்டார். கேட்டது என்னிடம். டாக்டரிடம் கேட்கிற கேள்வியை மெக்கானிக்கிடம் கேட்டார். போன தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முதுகில் வந்த புண் ஆற ஒரு வருடம் ஆயிற்று, அந்தப் பயம் அவருக்கு. "இன்னும் கால் மணி நேரமுங்க்கா, புடிச்சிருவேன்" என்றேன் நான். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

ஒரு மணிக்கு நூற்றிரண்டு. அக்கா தெர்மாமீட்டரை மேசைமேல் போட்டுவிட்டு மறுபடி ஐஸுக்கு ஓடினார். ஓடினார் என்றால் உண்மையாகவே ஓடினார், செருப்புகூடப் போடவில்லை. அவர் தெருவில் இறங்கியதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். நாக்கு கொஞ்சம் குழறியது.

"தம்பி, லைட்டுக்கு மேக்கால ரெண்டு சாண் தள்ளிப் பாருங்க. அங்க ஒரு முறுக்குப் போட்டீங்கல்லொ."

நான் அப்படியே நின்றுவிட்டேன். மாட்டிய அன்றும் அவர் இதே கட்டிலில்தான் படுத்திருந்தார். எங்களுக்கெல்லாம் பார்ப்பதற்கு நான்கு திசை. அவருக்குச் சீலிங் மட்டும்தான். நான் முறுக்கியது, டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தது, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பியது எல்லாவற்றையும் படுத்தபடியே பார்த்திருக்கிறார். கட்டிலில் கிடக்கும் ஆளை மட்டும் நான் கணக்கிலேயே வைக்கவில்லை.

"அம்மணி வாரதுக்குள்ள முடிச்சுப்போடுங்க" என்றார்.

ஏணியில் ஏறி, ஒரு சதுரம் அறுத்து எடுத்தேன். டேப் காய்ந்து உரிந்திருந்தது, செம்பு பச்சை பூத்திருந்தது. அறுத்து, சுரண்டி, புதிதாக இணைத்தேன். மெயினைப் போட்டதும் எண் மறைந்தது. காற்று வந்தது. அக்கா ஐஸோடு வாசலில் வந்து நின்று, சீலிங் ஓட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "என்னங்க ஆச்சு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "எலி கடிச்சுப்போட்டுதாம் அம்மணி" என்றார். நான் தலையை ஆட்டினேன். அக்கா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதையும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் போய் ஒரே நீளமாகப் புது ஒயர் இழுத்துவிட்டு வந்தேன். முந்தின நாள் சாயங்காலத்துக்குள்ளேயே காய்ச்சல் இறங்கிவிட்டது என்றார்கள்.

அதன் பிறகு ஆறு வருடம் அந்த வீட்டு சர்வீஸ் என்னுடையதாகவே இருந்தது. நான் தனியாகக் கடை வைத்தபோதும் என்னையே கூப்பிட்டார்கள். போகும்போதெல்லாம் அக்கா, "ஒயரை ஒருக்கா பாத்துப்போடுங்க, எலி தொல்லை" என்பார். மாடியில் பொறி, படிக்கடியில் பொறி. ஓர் எலியும் மாட்டியதாக நான் கேள்விப்படவில்லை. அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். சிரிப்புகூட வரும். எங்களுக்குள் அது ஒரு சிநேகம் மாதிரி ஆகிவிட்டது.

சென்ற மாதம் அண்ணன் அறைக்கென்று தனி ஏசி மாட்டப் போயிருந்தேன். அந்த யோசனை இப்போதாவது எனக்கு வந்ததே. மாடி சுத்தமாகக் கிடந்தது. "கொப்பரையெல்லாம் காயப்போடறதில்லீங்களா?" என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தேன். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கோட உட்டுட்டனுங்க தம்பி. கொப்பரைக்குத்தான எலி வந்துச்சு. நாலு லிட்டரு எண்ணெய்க்கு ஆசப்பட்டு இவரக் கொல்லப் பாத்தனேன்னு, இன்னைக்கும் தெனம் ராத்திரி ஒருக்கா நெனச்சு அழுதுதானுங்க படுப்பேன்."

ஆறு வருடம். அண்ணன் சொன்ன பொய் என்னைக் காப்பாற்றியது, சரி. ஆனால் பழி காற்றில் கரைந்துவிடவில்லை, இறங்க ஓர் இடம் தேடி அக்கா தலையில் இறங்கியிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அதன்மேல் நின்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம். கீழே இறங்கி, அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே சொல்லிவிட்டேன். எலி இல்லைங்க்கா, நான் போட்ட ஒட்டு, மேலே அதை மறைத்துத்தான் சீலிங்கை மூடவிட்டேன் என்று. சுருக்கமாகத்தான் வந்தது.

"அன்னைக்கு உங்குளுக்கு எப்பத் தெரியுமுங்க?" என்றார் அக்கா.

"வந்து அந்த நம்பரைப் பாத்த ஒடனேங்க்கா."

கட்டில் பக்கம் திரும்பினார். "உங்குளுக்குங்க மாமா?"

அண்ணன் சீலிங்கைப் பார்த்தபடியே, "தம்பி தானாச் சொல்லுவாப்லன்னு பாத்தேன் அம்மணி. நாமளாச் சொன்னா மொகத்துல அடிச்சாப்ல ஆயிருமேன்னு…" என்று இழுத்தார்.

அக்கா ஏணியை விட்டுக் கையை எடுத்தார்.

"பதினோரு மணிலருந்து ஒரு மணி வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தரு மருவாதி பாத்துட்டு இருந்திருக்கறீங்க" என்றார். "நான் செருப்பில்லாம ஐஸுக்கு ஓடிட்டு இருந்தனுங்க."