விளக்கை அணைத்த பிறகும் ஓடிய மின்விசிறி

பேருந்து குருபரப்பள்ளியைத் தாண்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் பழைய விடுதித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் மஞ்சு குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். "ரத்னாக்கா போயிட்டாங்க. விடிகாலையில. முடிஞ்சவங்க எல்லாம் ஓசூருக்கு வந்துடுங்க." ரத்னா நெடுநாளாகப் புற்றுநோயோடு இருந்தாள். செய்தி எதிர்பாராததல்ல. ஆனாலும் அந்தக் குரலை நான் இன்னொரு முறை போட்டுக் கேட்கவில்லை.

வீட்டில் அவளைக் கிடத்தியிருந்த கூடத்தில் உறவுக்கார அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பாவம்மா. கல்யாணமும் இல்ல, குழந்தையும் இல்ல. என்னத்த வாழ்ந்தா?" என்றார். "நல்லா வாழ்ந்தாங்க" என்று நான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று அதற்கு மேல் பேச முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன். அவளைத் தெரிந்தவர்கள் படித்துவிட்டு, இனி யாராவது அவளைப் பாவம் என்றால் பதில் சொல்லுங்கள்.

சூளகிரிப் பக்கத்து ஊர் அவளுடையது. வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்தவள். ஆனால் வாகனங்களுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் எங்கள் தொழிற்சாலையில் அவளை டேப் சுற்றத்தான் உட்கார வைத்தார்கள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

ஒப்பந்தக்காரர் நடத்திய விடுதியில் எங்கள் அறையில் எட்டுக் கட்டில்கள். சிலர் பகல் ஷிப்ட், சிலர் இரவு ஷிப்ட். ஜன்னலுக்கு மிக அருகில் அடுத்த கட்டடத்தின் சுவர் எழும்பிவிட்டதால் நடுப்பகலிலும் அறை இருட்டாக இருக்கும். ஒரே ஒரு மின்விசிறி, ஒரே ஒரு குழல்விளக்கு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்விட்ச், அதுவும் அறைக்கு வெளியே, நடையில். விளக்கைப் போட்டால்தான் மின்விசிறி ஓடும். இரவு முழுக்க வேலை செய்துவிட்டுக் காலையில் வந்து படுப்பவர்கள் ஒன்று வெளிச்சத்தில் கிடக்க வேண்டும், அல்லது புழுக்கத்தில் கிடக்க வேண்டும். நாங்கள் துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்தோம். அதற்குப் பழகியும் போனோம். பழகாதவள் ரத்னா ஒருத்திதான்.

சிங்காரப்பேட்டையிலிருந்து வந்திருந்த மஞ்சு எங்களில் இளையவள். ஒரு நாள் விடியும் நேரத்தில் கம்பி முனைகளை அழுத்தும் இயந்திரத்தின் முன்னால் கண் அயர்ந்துவிட்டாள். ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று. கவனக்குறைவு என்று மேற்பார்வையாளர் சொன்னார். மருத்துவமனை வாசலில் எங்கள் எல்லோர் முன்னாலும் ரத்னா அவரிடம் திருப்பிச் சொன்னாள்: "கவனம் குறையல சார். தூக்கம் குறைஞ்சுது. அவ தூங்கற ரூமுக்கு ஒரு தடவ வந்து பாருங்க." அவர் வரவில்லை.

அவள் வார்டனிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"லைட்டு எரியுது, ஃபேன் ஓடுது. இன்னும் என்னம்மா வேணும் உங்களுக்கு?" என்று வார்டனம்மா கேட்டார்.

"ரெண்டும் ஓடுதுங்க. ஆனா சேர்ந்துதான் ஓடுது. தனித்தனியா வேணும். ஸ்விட்ச் உள்ள இருக்கணும்."

"வெளிய இருந்தாதான் நான் லைட்டப் போட்டு ஒரு பார்வை பார்க்க முடியும்."

"நாங்க தூங்கறத நீங்க எதுக்குப் பார்க்கணும்?"

அதோடு பேச்சு முடிந்தது. அனுமதி இல்லை. சொந்தமாகச் செய்துகொள்ளவும் அனுமதி இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வார்டனம்மா கிருஷ்ணகிரிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ரத்னா கீழே மெயினை நிறுத்திவிட்டு, யாரும் அதைத் தொட்டுவிடாதபடி என்னை அங்கே நிற்க வைத்தாள். மின்விசிறிக்கும் விளக்குக்கும் சேர்ந்து போன கம்பியைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுத்தாள். கதவுக்கு உள்பக்கம் ஒரு பெட்டி பொருத்தி மின்விசிறிக்கு ஒரு ஸ்விட்ச், விளக்குக்கு ஒரு ஸ்விட்ச் வைத்தாள். கடைசிக் கட்டிலின் தலைமாட்டில் விளக்குக்கு இன்னொரு ஸ்விட்சும் வைத்தாள். கதவருகில் போட்ட விளக்கைப் படுத்தபடியே அணைக்கலாம், அங்கே அணைத்ததை இங்கே போடலாம். வெளியே இருந்த பழைய ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை வெறும் மூடியால் மூடினாள். ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் மெயினைப் போடச் சொன்னாள். நான் மேலே ஓடி வந்தேன். அறை இருட்டாக இருந்தது, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இருட்டில் அந்தக் காற்று பட்டதும் மஞ்சு கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் வார்டனம்மா வந்து நின்றார். "யாரைக் கேட்டுச் செஞ்ச?"

"தூங்கறவங்களக் கேட்டுச் செஞ்சன்" என்றாள் ரத்னா.

மத்தியானம் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட ஓர் எலக்ட்ரீசியனைக் கூட்டி வந்தார். இரவு ஷிப்ட் முடிந்தவர்கள் படுத்திருந்தோம். ரத்னா அன்று விடுப்பு. கதவில் கைவைத்து நின்றாள். படிக்கட்டில் மாட்டியிருந்த பலகையைக் காட்டி, "ஆண்களுக்கு அனுமதி இல்லைன்னு நீங்கதானங்க எழுதி வச்சீங்க? உள்ள பொம்பளைங்க படுத்திருக்காங்க" என்றாள். அந்த மனிதர் பலகையைப் பார்த்தார், வார்டனம்மாவைப் பார்த்தார், பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நாங்கள் போர்வைக்குள் சிரித்த சிரிப்பு நடைவரை கேட்டிருக்கும்.

அந்த வாரமே ரத்னாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விடுதியிலும் இடம் இல்லை என்றார்கள்.

மறுநாள் காலை தொழிற்சாலைப் பேருந்து வந்து நின்றபோது நாங்கள் ஏறவில்லை. எங்கள் அறை மட்டுமல்ல, எந்த அறையிலிருந்தும் யாரும் ஏறவில்லை. எல்லா அறைகளுக்கும் ஸ்விட்ச் பிரித்துத் தர வேண்டும், ரத்னாவைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று கேட்டோம். பகல் முழுக்கப் பேச்சு நடந்தது. முதலாவதற்கு ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவதற்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. நான் போய்ச் சொன்னபோது அவள் தோளைக் குலுக்கினாள். "ரெண்டுல ஒண்ணு வாங்கிட்டீங்க இல்ல? இன்னொண்ணு எனக்கே வேணாம். கூப்பிட்டாலும் போக மாட்டன்." அது முழு உண்மையல்ல என்று எனக்குத் தெரியும். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

பிறகு அவள் ஓசூரில் வயரிங் வேலைக்கே இறங்கினாள். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போய் நின்றால், ஆம்பளை யாரும் வரலையா என்று கேட்பார்களாம். "கரண்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாளாம். வரிசை வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் கூப்பிட்டால், ஸ்விட்ச் எங்கே வேண்டும் என்று முதலில் வீட்டுப் பெண்களிடம்தான் கேட்பாள். அதற்காகச் சண்டைக்கு வந்த ஆண்களும் உண்டு. அவள் வேலையை நிறுத்தியதில்லை.

கடைசியாக அவளை மருத்துவமனையில் பார்த்தேன். முடியெல்லாம் போய், உருவம் சின்னதாகியிருந்தது. எல்லாம் சரியாயிடும் என்று ஆரம்பித்தேன். "ஏமே செல்வி, பொய் சொல்லாத. சரியாகாது. காத்து வர்ற பக்கமா என்னத் திருப்பிப் படுக்க வை. அது உன்னால முடியும்" என்றாள். திருப்பிப் படுக்க வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "ம், இப்ப சொல்லு, கம்பெனி லைன்ல என்ன சண்டை?" என்று கேட்டாள்.

இதைத்தான் அந்த அம்மாவிடம் சொல்ல நினைத்தேன். அவள் கோபத்தோடு வாழ்ந்தாள். அந்தக் கோபத்தால் எத்தனையோ பெண்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். இதில் பாவம் எங்கே இருக்கிறது?

அவளுடைய ஸ்பேனர், டெஸ்டர் எல்லாம் மஞ்சு எடுத்துக்கொண்டாள். எனக்கு வேண்டியது வேறு. இந்த வாரம் தொழிற்சாலையில் எங்கள் பிரிவில் புதிதாக ஒரு விதி சொன்னார்கள்: வேலை நேரத்தில் கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் அட்டை வாங்க வேண்டும். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் அவளைப் போலத் துணிந்தவள் அல்ல. ஆனாலும் எழுந்து நின்று, அட்டை வாங்க மாட்டோம் என்று சொன்னேன். உட்காரச் சொன்னார்கள்.

உட்காரவில்லை.